சேர்வராயன் மலையில் பொருத்து வீடுகள்: சுவருக்கு முன் பட்டா

தொழிற்சாலையில் ஆயத்தமாகச் செய்த சுவர்களையும் கூரையையும் மனைக்குக் கொண்டுவந்து இணைத்துக் கட்டுவதே பொருத்து வீடு. குறைந்த செலவில், குறைந்த நாட்களில் குடிசைகளை மாற்றும் வழியாக இது முன்வைக்கப்படுகிறது. ஏற்காட்டில் இது யாருக்குக் கிடைக்கும் என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

இவ்வகையில் நன்கு அறியப்பட்டது, கண்ணாடி இழை சேர்த்த ஜிப்சம் பலகை. உர ஆலைகளில் கழிவாகக் குவியும் ஜிப்சத்திலிருந்து இது செய்யப்படுகிறது. ஒரு பலகையின் நீளம் 12 மீட்டர், உயரம் 3 மீட்டர். சென்னை ஐஐடி வளாகத்தில் 2013இல் இப்பலகைகளால் இரண்டடுக்கு மாதிரிக் கட்டடம் எழுப்பப்பட்டது. ஆனால் பலகைகளை நிறுத்தக் கிரேன் வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்பால் சிற்றூர்களின் குறுகிய பாதைகள். சமவெளியில் மிச்சமாகும் பணம் இங்கே ஏற்றுக்கூலியில் கரையும். மூங்கில் தட்டியில் மண் பூசிச் சுவர் எழுப்பியவர்கள் இம்மலையின் மலையாளிப் பழங்குடியினர். பதப்படுத்திய மூங்கிலும் அழுத்திய மண்கல்லும் அவ்வறிவுக்கு நெருக்கமானவை.

அரசுத் திட்டமோ வேறு வார்ப்பில் உள்ளது. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் ரூ.3.50 லட்சத்தில் 360 சதுர அடி வீடு தருகிறது. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, சொந்த மனை வேண்டும்.

அந்த மனைதான் பலரிடம் இல்லை. காப்பித் தோட்டங்களின் லைன் வீடுகள் தொழிலாளருக்குச் சொந்தமல்ல. தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951 வீட்டு வசதியை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் அச்சட்டம் பொதுவாக 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் உள்ள தோட்டங்களுக்கே பொருந்தியது. வேலை போனால் வீடும் போகும். வன உரிமைச் சட்டம், 2006, 13.12.2005க்கு முன்பிருந்தே வன நிலத்தில் குடியிருக்கும் பழங்குடியினரின் குடியிருப்பு உரிமையை ஏற்கிறது. அதே நிலத்தில் வாழும் தலித் குடும்பமோ மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வாழ்வை மெய்ப்பிக்க வேண்டும்.

பட்டா இல்லாத இடத்தில் நிற்கும் பொருத்து வீட்டைத் ‘தற்காலிகக் கொட்டகை’ என்று சொல்லிக் கழற்றிவிடுவது எளிது. உறைவிட உரிமை என்பது தலைக்கு மேல் ஒரு கூரை மட்டுமன்று. போதிய இடம், பாதுகாப்பான கட்டடம், குடிநீர், மின்சாரம், கழிப்பிடம், சாலை யாவும் அதில் அடங்கும் என்று சமேலி சிங் வழக்கில் (1996) உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

ஆகவே பொருத்து வீட்டுத் திட்டம் எதுவானாலும் கிராம சபையில் மூன்றைக் கேட்போம். பட்டா யார் பெயரில், பெண்ணின் பெயரும் உண்டா? சுவரும் கூரையும் 30 ஆண்டு தாங்கும் என்று எழுத்தில் பொறுப்பேற்பவர் யார்? பழுதானால் மாற்றுப் பலகை எங்கிருந்து வரும், யார் செலவில்? பதில்கள் தீர்மானப் பதிவேட்டில் ஏறட்டும். நாளை வழக்கு வந்தால் அந்தப் பக்கமே நமது முதல் சான்று.