மாறாத விகிதம்

ஒரு சேர்மத்தில் அடங்கிய தனிமங்களின் எடை விகிதம் மாறாதது. கலவையிலோ அவ்விகிதம் மாறக்கூடியது. இரசாயன நூலின் தொடக்கத்திலேயே மாணவர்கள் படித்து மனப்பாடம் செய்துகொள்ளும் வாக்கியம் இது. படிக்கும்பொழுது, இவ்வுண்மையை எக்காலத்தும் எல்லாரும் அறிந்திருந்தனர் என்றே தோன்றும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1799-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இரண்டு பேரறிஞர்கள் வாதிட்டதன் பயனாகவே இவ்வாக்கியம் உறுதி பெற்றது. அவ்வாதத்தில் எதிர்க்கட்சி முழு வெற்றி பெற்றிருக்குமானால், நீருக்கும் உப்புக்கும் இன்று நாம் எழுதும் வாய்பாடுகளை எழுத வழியே இருந்திராது. ஒவ்வொரு முறை செய்யும்போதும் ஒரு பொருளின் அமைப்பு வேறுபடுமாயின், அதற்கு ஏது வாய்பாடு?

வாதிட்ட இருவரும் பிரெஞ்சு மொழியினர். ஒருவர் கிளாத் லூயி பெர்தொலே; 1748-இல் சவாய் நாட்டில் பிறந்தவர். லவாய்சியரோடு இணைந்து உழைத்தவர், குளோரின் வாயுவைக் கொண்டு துணி வெளுக்கும் முறையைக் கண்டவர், நெப்போலியனின் நண்பர். மற்றவர் ஜோசப் லூயி புரூஸ்ட்; 1754-இல் ஆன்ஜே நகரில் மருந்து செய்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இவர் ஸ்பெயின் நாடு சென்று, செகோவியா நகரத்துப் பீரங்கிப்படைக் கல்லூரியிலும், பின்னர் மத்ரித் நகரிலும் இரசாயனம் கற்பித்தார்.

வாதத்தின் வித்து எகிப்து நாட்டுப் பாலைவனத்தில் கிடந்தது. 1798-இல் நெப்போலியன் எகிப்தின்மேல் படையெடுத்தபோது அறிஞர் குழுவொன்றையும் உடன் அழைத்துச் சென்றான். பெர்தொலேயும் அக்குழுவில் ஒருவர். அங்கே வாதி நத்ரூன் என்னும் பள்ளத்தாக்கில் உப்பேரிகள் உள்ளன. அவற்றின் கரைகளில் சலவைச் சோடா, அதாவது சோடியம் கார்பனேட், படிந்து கிடப்பதை அவர் கண்டார். சோதனைச்சாலையில் சோடியம் கார்பனேட் கரைசலையும் கால்சியம் குளோரைடு கரைசலையும் ஒன்று சேர்த்தால், கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகும். சோறாக்கும் உப்பு கரைசலில் நிற்கும். ஏரிக்கரையிலோ இச்செயல் தலைகீழாக நடந்திருந்தது. உப்பும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்து சோடாவைத் தந்திருந்தன. காரணம் யாது? அங்கே உப்பும் சுண்ணாம்புக் கல்லும் அளவிறந்து குவிந்திருந்தன. ஆகவே, எப்பொருள் எதனோடு சேரும் என்பதைப் பொருள்களின் நாட்டம் மட்டும் அன்று, அவற்றின் அளவும் தீர்மானிக்கிறது என்று பெர்தொலே உணர்ந்தார். இது பெரிய கண்டுபிடிப்பே.

ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. மேலும் ஓர் அடி எடுத்து வைத்தார். வினை செல்லும் திசையை அளவு தீர்மானிக்குமாயின், வினையில் விளையும் பொருளின் அமைப்பையும் அதுவே தீர்மானிக்கலாம் அன்றோ? ஒரு பொருள் மிகுதியாகச் சூழ்ந்திருந்தால், சேர்மத்திலும் அது மிகுதியாகப் புகும் என்றார். இரு எல்லைகளுக்கு இடையே விகிதம் எவ்வளவாகவும் இருக்கலாம்; நிலையான விகிதம் காணப்படுமாயின் அது தனிக் காரணங்களால் வந்த விதிவிலக்கே என்பது அவர் கொள்கை. இதற்கு உலோகக் கலவைகளையும், கண்ணாடியையும், கரைசல்களையும் அவர் சான்று காட்டினார். காற்றில் காய்ச்சும் உலோகம் படிப்படியாக ஆக்ஸிஜனை ஏற்று நிறம் மாறுவதையும் எடுத்துக் கூறினார். 1803-இல் வெளிவந்த அவரது பெருநூல் இக்கொள்கையை விரிவாக நிறுவ முற்பட்டது.

புரூஸ்ட் எடுத்த கருவி தராசு. நூறு பங்கு செம்பை அமிலத்தில் கரைத்து, அக்கரைசலில் சோடா அல்லது பொட்டாஷ் கார்பனேட்டைச் சேர்த்தால் பச்சை நிறமான செம்பு கார்பனேட் வீழ்படிவாகும். அமிலம் கந்தக அமிலமாயினும் நைட்ரிக் அமிலமாயினும், கிடைத்தது நூற்றெண்பது பங்கே. மண்ணுக்குள் இயற்கை உண்டாக்கிய மலாக்கைட் என்னும் பச்சைக் கனிமத்தையும் அவர் பகுத்து ஆராய்ந்தார். விகிதம் ஒன்றாகவே இருந்தது. இன்றைய கணக்கின்படி நூறு பங்கு செம்புக்கு ஏறத்தாழ 174 பங்கு கார்பனேட் கிடைத்தல் வேண்டும். எனவே புரூஸ்டின் எண் முற்றும் நுட்பமானது அன்று. அவர் கருத்துக்கு வலிமை தந்தது எண்ணின் நுட்பம் அன்று, அதன் மாறாமை. மலையடிவாரத்தின் இருளில் விளைந்த பொருளும், மத்ரித் நகரத்துக் கண்ணாடிக் குடுவையில் விளைந்த பொருளும் ஒரே விகிதத்திற்குக் கட்டுப்பட்டன என்பதே அவர் காட்டிய உண்மை.

உலோக ஆக்ஸைடுகளைப் பற்றி அவர் தந்த விடை இன்னும் முக்கியமானது. வெள்ளீயம் ஆக்ஸிஜனோடு எவ்வளவு விகிதத்திலும் சேரும் என்பது பெர்தொலேயின் கூற்று. இல்லை, இரண்டே விகிதங்களில்தான் சேரும் என்றார் புரூஸ்ட். ஓர் ஆக்ஸைடிலிருந்து அடுத்ததற்குச் செல்வது சரிவில் ஏறுவது போன்றது அன்று. படியில் ஏறுவது போன்றது. இடைப்பட்ட விகிதமுடையனவாகத் தோன்றுபவை இரண்டு ஆக்ஸைடுகளின் வெறுங் கலவைகளே என்றார். பெர்தொலே ஆக்ஸைடுகள் என்று காட்டியவற்றுள் சில, நீரும் சேர்ந்த வேறு சேர்மங்கள் என்பதையும் மெய்ப்பித்தார். சேர்மம் என்றும் கலவை என்றும் நாம் இன்று தெளிவாகப் பிரிக்கும் எல்லைக்கோடு இவ்வாறுதான் வரையப்பட்டது.

இங்கே கூரிய மாணவர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பலாம். "விகிதம் மாறாதவற்றை எல்லாம் சேர்மம் என்று பெயரிட்டு, மாறுபவற்றை எல்லாம் கலவை என்று தள்ளிவிட்டால், சேர்மத்தின் விகிதம் மாறாது என்பதில் வியப்பு என்ன? இது சொல்லின் பொருளையே திருப்பிக் கூறுவது ஆகாதா?" மிக நியாயமான வினா. பெயரிடுவதோடு நின்றிருந்தால் புரூஸ்டின் கூற்று வெறுஞ் சொல்லாகவே முடிந்திருக்கும். கலவை என்று சொன்னதைப் பிரித்துக் காட்ட வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. ஒரு பகுதியை மட்டும் கரைக்கும் திரவத்தால் இடைப்பட்ட பொருளைப் பிரிக்க இயலுமாயின், பிரிந்த பகுதிகள் முன்னரே அறிந்த சேர்மங்களாக இருக்குமாயின், அதுவே சான்று. அத்தகைய சான்றுகளை ஒவ்வோர் உலோகமாக எடுத்துக்கொண்டு அவர் தேடினார்.

இவ்வாதம் நடந்த முறையும் நினைக்கத்தக்கது. பாரிஸ் நகரத்து இதழ்களில் ஒருவர் கட்டுரை வெளியிடுவார். மற்றவர் மறுப்பு எழுதுவார். மறுப்பிலும் மரியாதை குறையாது. 1808-இல் நெப்போலியன் படைகள் ஸ்பெயினில் புகுந்தபோது புரூஸ்டின் மத்ரித் சோதனைச்சாலை அழிந்தது. தம் எதிர்வாதியின் நண்பனது போரினால் தம் உழைப்பிடத்தை இழந்தும், அவ்வறிஞர் வாதத்தில் பகைமையைக் கலக்கவில்லை.

வாதத்திற்கு முடிவு இங்கிலாந்திலிருந்து வந்தது. மான்செஸ்டர் நகரத்து ஆசிரியர் ஜான் டால்ட்டன் 1808-இல் வெளியிட்ட நூலில் தம் அணுக்கொள்கையை விளக்கினார். முழு அணுக்களே ஒன்றோடொன்று சேருமாயின், விகிதம் படிப்படியாகத்தானே மாறும்? இன்றைய அளவின்படி நூறு பங்கு வெள்ளீயம் ஓர் ஆக்ஸைடில் 13.5 பங்கு ஆக்ஸிஜனோடும், மற்றொன்றில் 27 பங்கோடும் சேர்கிறது. ஒன்று மற்றதன் இரு மடங்கு. புரூஸ்ட் இதனைக் காணாமற் போனதேன்? அவர் நூறு பங்கு ஆக்ஸைடில் உள்ள ஆக்ஸிஜனைக் கணக்கிட்டார். அவ்வாறு கணக்கிட்டால் வருபவை 11.9, 21.2 என்னும் எண்கள். அவற்றுள் இரு மடங்கு கண்ணுக்குப் புலப்படாது. அவர் அளவையில் இருந்த சிறு பிழைகளும் அதனை மேலும் மறைத்தன. எண்களை எவ்வாறு எழுதுகிறோம் என்பதும் உண்மையைக் காட்டவோ மறைக்கவோ வல்லது. அவ்வாண்டின் இறுதியில் பெர்தொலேயின் மாணவரான கேலூசாக், வாயுக்கள் எளிய கன அளவு விகிதங்களில் சேர்கின்றன என்று அறிவித்தார். அடுத்துவந்த ஆண்டுகளில் ஸ்வீடன் நாட்டுப் பெர்சீலியஸ் செய்த நுட்பமான பகுப்பாய்வுகள் மாறா விகித விதியை ஐயமற நிலைநாட்டின.

ஆயினும் பெர்தொலே தோற்றார் என்று கூறி நூலை மூடிவிடுதல் தகாது. உப்பேரிக் கரையில் அவர் கண்ட உண்மை, 1864-இல் நார்வே நாட்டு அறிஞர் கூல்ட்பெர்க்கும் வாகேயும் கண்ட பொருண்மைத் தாக்க விதியாக மலர்ந்தது. விகிதம் மாறும் சேர்மங்களும் சில உண்டு என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. ருஷ்ய அறிஞர் கூர்னகோவ் 1914-இல் அத்தகையவற்றிற்குப் பெர்தொலேயின் பெயரையும், விகிதம் மாறாதவற்றிற்கு டால்ட்டனின் பெயரையும் சூட்டினார். சேர்மத்திற்கும் கலவைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க, பள்ளிகளில் இரும்புத் தூளையும் கந்தகத்தையும் காய்ச்சிக் காட்டுவது வழக்கம். ஏழு பங்கு இரும்புக்கு நான்கு பங்கு கந்தகம் என்பது கணக்கு. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரோட்டைட் என்னும் கனிமத்திலோ, படிகத்தின் உள்ளே இரும்பு அணு இருக்க வேண்டிய இடங்களுள் சில வெறுமையாக உள்ளன. அவ்வெற்றிடங்களின் தொகை கூடவும் குறையவும் கூடும். அதற்கேற்ப விகிதமும் சிறிது மாறுகிறது. புரூஸ்டின் விதியை விளக்க நாம் தேர்ந்தெடுத்த இரு தனிமங்களே பெர்தொலேயின் பக்கமும் சிறிது சாய்கின்றன!

இதனால் மாறா விகித விதி பொய்த்துவிடவில்லை. நீரும் சர்க்கரையும் கரியமில வாயுவும் போன்ற எண்ணற்ற சேர்மங்களில் அது உறுதியாக நிற்கிறது. விதியின் ஆட்சி எதுவரை என்பதை மட்டும் நாம் இன்று நன்கு அறிவோம். பெர்தொலே 1822-இலும் புரூஸ்ட் 1826-இலும் மறைந்தனர். இருவருள் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் இவ்விதி இத்துணைத் தெளிவு பெற்றிராது. ஐயம் எழுப்பியவர் விடாமல் எழுப்பியதனாலேயே, விடை கூறியவர் ஒவ்வொரு பொருளையும் தராசில் இட்டுப் பார்க்க நேர்ந்தது. ஆகவே மாணவர்களே, அடுத்த முறை இவ்வாக்கியத்தைத் தேர்வுத் தாளில் எழுதும்போது, "இதனை எவ்வாறு அறிந்தனர்?" என்றும் ஒருமுறை உங்களையே வினவிக்கொள்ளுங்கள்.