பழைய உருவம், புதிய நெருப்பு

காரைக்காலுக்குத் தெற்கே உள்ள நாகப்பட்டினத்தில் முன்னாளில் தென்னிந்திய இரயில்வேயின் எஞ்சின் பட்டறை இருந்தது. 1928-இல் அது திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாறியது. அதில் பணியாற்றிய என் பாட்டனாரும் ஊரைவிட்டுச் சென்றார். நாகை ஒரு தொழிலை இழந்தது என்றும், நீராவியின் காலம் முடிந்தது என்றும் வகுப்பில் பல்லாண்டுகள் கற்பித்தேன்.

பின்னதைப் பொன்மலை பொய்யாக்கிவிட்டது. நீலகிரி மலைப்பாதையில் கல்லாறு முதல் குன்னூர் வரை, ஏறக்குறைய 12 அடிக்கு ஓரடி என்னும் கடுமையான ஏற்றம் உண்டு. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் உருவான எஞ்சின்கள், தண்டவாளங்களின் நடுவே அமைந்த பற்சட்டத்தைப் பற்சக்கரத்தால் பற்றி அதில் ஏறின. அவை முதுமையுற்றபோது, 2011-இல் பொன்மலைத் தொழிலாளர் அதே அமைப்பில் புதிய நீராவி எஞ்சினைச் செய்து முடித்தனர். நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயை எரிக்கும் முறையை அதில் அமைத்தனர்.

உருவம் பழையது, நெருப்பு புதியது. இரும்பு தேயும், அதைச் செய்யும் கையறிவு தலைமுறைதோறும் கைமாறினால் இயந்திரம் மீண்டும் பிறக்கும். நாகையில் இன்று அப்பட்டறை இல்லை. ஆயினும் என் பாட்டனார் கற்ற தொழில் அழியவில்லை. அது நீலகிரியில் மலையேறிக்கொண்டிருக்கிறது. நான் கற்பித்த பாடத்தை இவ்வாறு திருத்திக்கொள்கிறேன்.