அமைச்சர் பொறுப்புடைமை

அமைச்சர் பொறுப்புடைமை என்பது, நாடாளுமன்ற ஆட்சிமுறையில் அரசின் செயல்களுக்கும் தவறுகளுக்கும் அமைச்சர்கள் சட்டமியற்றும் அவையின் முன் விடையளிக்கக் கடமைப்பட்டவர்கள் என்னும் அரசியலமைப்புக் கோட்பாடாகும். இது கூட்டுப் பொறுப்பு, தனிப் பொறுப்பு என இருவகைப்படும். இந்தியாவில் முன்னது அரசியலமைப்புச் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. பின்னது மரபாக மட்டுமே உள்ளது. இம்மரபுக்கு இந்தியாவில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு, நவம்பர் 23, 1956 அன்று அரியலூர் அருகே நிகழ்ந்த தொடர்வண்டி விபத்தை அடுத்து அன்றைய தொடர்வண்டித் துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதாகும். அமைச்சரவையைச் சட்டமன்றத்திலிருந்து பிரித்து வைத்துள்ள ஐக்கிய அமெரிக்காவில் இக்கோட்பாடு இல்லை.

கூட்டுப் பொறுப்பு

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் 75(3) ஆம் உறுப்பு, அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது எனக் கூறுகிறது. மாநிலங்களில் அமைச்சரவை சட்டப் பேரவைக்குப் பொறுப்புடையது என்பதை 164(2) ஆம் உறுப்பு கூறுகிறது. பெரும்பான்மையை இழக்கும் அமைச்சரவை முழுவதும் விலக வேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். ஏப்ரல் 1999 இல் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றுப் பதவி இழந்தது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

தனிப் பொறுப்பு

ஒரு துறையில் நேர்ந்த தவறுக்கு அத்துறையின் அமைச்சர், தாம் நேரடியாகத் தவறு செய்யாதபோதும், அவையின் முன் பொறுப்பேற்க வேண்டும் என்பது தனிப் பொறுப்பாகும். இங்கிலாந்தில் உருவான இம்மரபின்படி 1954 இல் கிரிச்செல் டவுன் நில விவகாரத்தில் வேளாண் அமைச்சர் தாமஸ் டக்டேல் பதவி விலகினார்.

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தில் இதற்கெனத் தனி உறுப்பு இல்லை. அமைச்சர்கள் குடியரசுத் தலைவர் விரும்பும் வரை பதவி வகிப்பர் என்று 75(2) ஆம் உறுப்பு கூறுகிறது. குடியரசுத் தலைவர் தலைமை அமைச்சரின் அறிவுரைப்படியே செயற்படுவதால், ஓர் அமைச்சரை நீக்கும் அதிகாரம் நடைமுறையில் தலைமை அமைச்சரிடமே உள்ளது. மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தையும் அமைச்சரவை முழுவதற்கும் எதிராகவே கொண்டுவர முடியும். எனவே தனியொரு அமைச்சர் விலகுவது அவரது மனச்சான்று, தலைமை அமைச்சரின் முடிவு, பொதுமக்கள் கருத்து ஆகியவற்றைச் சார்ந்தே அமைகிறது.

அரியலூர் விபத்து

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி, நவம்பர் 23, 1956 அன்று விடியற்காலையில் அரியலூர், கல்லகம் நிலையங்களுக்கு இடையே மருதையாற்றுப் பாலத்தில் விபத்துக்குள்ளானது. மருதையாறு இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தின் பச்சைமலைப் பகுதியில் தோன்றி, அரியலூர் மாவட்டம் வழியாகச் சென்று கொள்ளிடத்தில் கலக்கும் ஆறு ஆகும். பெருமழையால் ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியபோது பாலத்தை ஒட்டிய பாதை சிதைந்ததில், எஞ்சினும் பல பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. 140 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது இப்பகுதி சென்னை மாநிலத்தின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் 1995 இலும், அரியலூர் மாவட்டம் முதலில் 2001 இலும், மீண்டும் 2007 இலும் உருவாக்கப்பட்டன.

அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன்னர் மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து 100 க்கும் மேற்பட்டோர் இறந்தபோதே சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். தலைமை அமைச்சர் ஜவகர்லால் நேரு அதனை ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பின் சாஸ்திரி மீண்டும் விலகல் கடிதம் அளித்தார். இம்முறை நேரு அதனை ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி எவ்வகையிலும் காரணமல்லர் என்றும், அரசியலமைப்பு ஒழுங்கின் பார்வையில் ஒரு முன்மாதிரி அமைய வேண்டும் என்பதற்காகவே விலகலை ஏற்பதாகவும் நேரு நாடாளுமன்றத்தில் விளக்கினார். தனிப்பட்ட குற்றமும் அமைச்சரின் பொறுப்பும் வெவ்வேறானவை என்னும் கருத்தே இவ்விளக்கத்தின் சாரமாகும். திசம்பர் 1956 இல் ஜெகசீவன் ராம் அத்துறையை ஏற்றார்.

அப்போது துறையின் துணை அமைச்சராக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓ. வி. அழகேசன். அவரது பெயரையும் அரியலூரையும் எதுகை மோனையோடு இணைத்த முழக்கத்தைத் திராவிட முன்னேற்றக் கழகம் 1957 தேர்தல் பரப்புரையில் பயன்படுத்தியது. அத்தேர்தலில் அழகேசன் செங்கற்பட்டு மக்களவைத் தொகுதியில் தோல்வியுற்றார். சாஸ்திரி 1957 இல் மீண்டும் நடுவண் அமைச்சராகி, 1964 இல் தலைமை அமைச்சரானார்.

அமெரிக்க முறையுடன் ஒப்பீடு

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் அதிகாரப் பிரிவினையை அடிப்படையாகக் கொண்டது. அதன் முதல் உறுப்பின் 6 ஆம் பிரிவு, அரசுப் பதவி வகிப்போர் காங்கிரசின் எந்த அவையிலும் உறுப்பினராக இருப்பதைத் தடை செய்கிறது. இந்தியாவிலோ ஓர் அமைச்சர் தொடர்ந்து ஆறு மாதங்கள் நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாவிட்டால் பதவியை இழப்பார்.

அமெரிக்காவில் துறைச் செயலர்களை மேலவையின் இசைவுடன் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அவர்கள் அவருக்கே பொறுப்புடையவர்கள். அவர்களைக் காங்கிரஸ் விசாரணைக் குழுக்களின் முன் அழைத்துக் கேள்வி கேட்கலாம். ஆனால் காங்கிரஸ் அவர்களை நீக்குவதற்கு உள்ள வழி பதவிநீக்கக் குற்றச்சாட்டு மட்டுமே. அதற்குத் தேசத்துரோகம், கையூட்டு அல்லது பிற பெருங்குற்றங்களும் தகாச்செயல்களும் காரணமாக இருக்க வேண்டும். இதுவரை போர்த்துறைச் செயலர் வில்லியம் பெல்நாப் (1876), உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் அலெகாந்திரோ மயோர்காஸ் (2024) ஆகிய இரு துறைச் செயலர்கள் மீதே கீழவை இக்குற்றச்சாட்டைச் சுமத்தியுள்ளது. மேலவை முன்னவரை விடுவித்தது. பின்னவர் மீதான குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது.

நவம்பர் 4, 1948 அன்று அரசியலமைப்பு வரைவை அறிமுகம் செய்து பேசிய அம்பேத்கர் இவ்வேறுபாட்டை விளக்கினார். அமெரிக்க முறை நிலைத்தன்மையை மிகுதியாகவும், நாடாளுமன்ற முறை பொறுப்புடைமையை மிகுதியாகவும் தருகின்றன என்றும், வரைவு பொறுப்புடைமைக்கே முதன்மை அளிக்கிறது என்றும் அவர் கூறினார். நாடாளுமன்ற முறையில் அரசு தேர்தலில் மட்டுமன்றி, கேள்விகள், தீர்மானங்கள், விவாதங்கள் வாயிலாக நாள்தோறும் மதிப்பிடப்படுகிறது என்பது அவரது வாதமாகும்.

பிற்கால நிகழ்வுகள்

* 1958 - ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் முந்திரா முதலீட்டு விவகாரத்தில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி விலகினார்.
* 1999 - மேற்கு வங்காளத்தின் கைசால் தொடர்வண்டி விபத்தை அடுத்து நிதீஷ் குமார் விலகினார்.
* 2017 - அடுத்தடுத்த விபத்துகளுக்குப் பின் சுரேஷ் பிரபு விலக முன்வந்தார். பின்னர் அவரது துறை மாற்றப்பட்டது.
* 2023 - 290 க்கும் மேற்பட்டோர் இறந்த பாலசோர் விபத்தை அடுத்து எதிர்க்கட்சிகள் பதவி விலகலைக் கோரின. துறையின் அமைச்சர் பதவியில் தொடர்ந்தார்.

கருத்து வேறுபாடுகள்

அமைச்சர் விலகுவதால் பாலமோ பாதையோ சீராகிவிடாது என்றும், பதவியில் இருந்து குறையைக் களைவதே உண்மையான பொறுப்பு என்றும் ஒரு சாரார் கருதுகின்றனர். மேல்மட்டத்தில் எவரும் பொறுப்பேற்காதபோது பழி முழுவதும் கடைநிலை ஊழியர் மீதே விழும் என்பது மறுசாராரின் கருத்து. விபத்தின் காரணத்தைக் கண்டறிவது வேறு பணியாகும். தொடர்வண்டிப் பாதுகாப்பு ஆணையம் அதனைச் செய்கிறது. விசாரணை நடுநிலையோடு அமையும் பொருட்டு இவ்வாணையம் தொடர்வண்டித் துறை அமைச்சகத்தின் கீழ் அல்லாமல் வான்போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குவது குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்க

* இந்திய அரசியலமைப்புச் சட்டம்
* ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம்
* அதிகாரப் பிரிவினை
* லால் பகதூர் சாஸ்திரி
* அரியலூர் மாவட்டம்
* பெரம்பலூர் மாவட்டம்