மரக்காணம் பகுதியில் சீக்கிரம் காய்க்கும் பப்பாளி: எந்த ரகம், எந்த மாதம்?

பிரம்மதேசம், மரக்காணம் பக்கம் பப்பாளி வைக்க நினைக்கிறீர்களா? ரகத்தைத் தேடும் முன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பளத்தையும் கழுவெளியையும் நெருங்க நெருங்க தண்ணீர் உவர்க்கும். பப்பாளி உப்பைத் தாங்காது. இ.சி. அளவு 2-க்கு மேல் போனால் வேறு பயிர் பாருங்கள்.

சீக்கிரம் காய்ப்பதில் பலரும் நாடுவது தைவான் ரெட் லேடி. நட்ட 8 முதல் 10 மாதத்தில் அறுவடைக்கு வரும். தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடியிலேயே காய் பிடிக்கும். பூசா நன்ஹா இன்னும் குட்டை, ஓர் அடி உயரத்திலேயே காய்க்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 8 சிவப்புச் சதை ரகம். இந்த இரண்டிலும் ஆண், பெண் மரங்கள் தனித்தனி. குழிக்கு இரண்டு, மூன்று கன்று நட்டு, பூத்தபின் 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் விட்டு மற்ற ஆண்களை நீக்க வேண்டும். ரெட் லேடியில் அந்த வேலை இல்லை. ஆனால் அது வீரிய ஒட்டு. பழத்திலிருந்து விதை எடுத்து நட்டால் தாய் மரம் போல வராது. விதை விலைக்குப் பயந்து இதைச் செய்து ஓராண்டை இழந்தவர்கள் உண்டு.

இணையத்தில் 'பாவ்பாவ்' என்று தேடினால் வரும் வட அமெரிக்கப் பழம் வேறு. அது சீத்தா குடும்பம், குளிர்காலம் இல்லாமல் காய்க்காது. அந்தக் கன்றை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இனி மாதம். தையில் நட்டால் ஐப்பசி, கார்த்திகையில் மரம் நிறையக் காய் சுமந்து நிற்கும். புயலும் அப்போதுதான். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. பப்பாளி வேர் இரண்டு நாள் தண்ணீரில் நின்றாலே அழுகத் தொடங்கும். எனவே ஏப்ரலில் பாலித்தீன் பையில் விதைத்து, ஜூனில் நடுவதே இங்கே பாதுகாப்பு. புயல் காலத்தில் பிஞ்சுதான் இருக்கும், அறுவடை மாசி, பங்குனியில் தொடங்கும். கோடைக் கன்றுக்குச் சொட்டுநீரும் மூடாக்கும் கட்டாயம்.

ஆறடி இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 1,200 கன்று. மேட்டுப்பாத்தி எடுத்து, வடிகாலை ஓடை வரை வெட்டிவிடுங்கள். வயலுக்குள்ளேயே முடியும் வாய்க்கால் வடிகால் ஆகாது.

மாவுப்பூச்சி தென்பட்டால் உடனே மருந்து அடிக்காதீர்கள். 2010-இல் கொண்டுவரப்பட்ட அசிரோபேகஸ் ஒட்டுண்ணிக் குளவிதான் தமிழ்நாட்டில் அதை அடக்கியது. கடும் மருந்து முதலில் கொல்வது அந்தக் குளவியைத்தான். குளவி கிடைக்குமா என்று திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.