டோங்காவின் ஊதுகுழல்: அட்டைப்படங்கள் படைத்த ஓர் அந்தமான் இனம்

1890 பிப்ரவரியில் லிப்பின்காட் மாத இதழில் ஆர்தர் கோனன் டாயிலின் ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ வெளிவந்தது. லண்டனின் தெற்கே ‘பாண்டிச்சேரி லாட்ஜ்’ என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு மாளிகை; அதன் மாடியறையில் நஞ்சு தோய்ந்த முள் தைத்து இறந்து கிடக்கும் ஒருவன். முள்ளை ஊதியவன் அந்தமான் தீவினனான டோங்கா. ஷெர்லாக் ஹோம்ஸ் அலமாரியிலிருந்து ஒரு புவியியல் அகராதியை எடுத்து, அத்தீவினரைப் பற்றி வாசித்துக் காட்டுகிறார்: நான்கடிக்கும் குறைந்த உயரம், உருக்கோணிய பெரிய தலை, கல் பதித்த தடி, நஞ்சு தோய்த்த அம்பு, நரமாமிச விருந்து. பின்வந்த ஓவியர்களுக்கும் மலிவுப் பதிப்புகளின் அட்டைப்படக்காரர்களுக்கும் இந்தப் பட்டியல் போதுமானதாக இருந்தது.

இப்பட்டியலில் உள்ளவை ஏறத்தாழ எல்லாமே தவறு. அந்தமானியரின் கருவி வில். பெரிய அந்தமானியரின் வில் எஸ் வடிவில் இருபுறமும் வளைந்தது. கரையொதுங்கிய கப்பல்களிலிருந்து எடுத்த இரும்பைத் தட்டி அம்புமுனை செய்தனர். பன்றி வேட்டைக்கு, தைத்தபின் முனை கழன்று கயிற்றில் தொங்கும் அம்பு வைத்திருந்தனர். அம்பில் நஞ்சு தடவும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஊதுகுழல் மலாய்த் தீபகற்பத்துக்கும் போர்னியோவுக்கும் தென் அமெரிக்கக் காடுகளுக்கும் உரியது. உயரத்தைப் பொறுத்தவரை, போர்ட் பிளேரில் அதிகாரியாக இருந்த எட்வர்ட் ஹொரேஸ் மேன் அளந்தபோது ஆண்களின் சராசரி 4 அடி 10 அங்குலத்தை ஒட்டியே வந்தது. நரமாமிசக் குற்றச்சாட்டையும் அவர் மறுத்திருந்தார். அவருடைய ஆய்வு லண்டன் மானிடவியல் கழகத்தின் இதழில் 1880களின் தொடக்கத்திலேயே அச்சாகிவிட்டது. டாயில் எழுதும்போது உண்மை அதே நகரத்தின் நூலகத்தில் கிடைத்தது. கதைக்கு அது தேவைப்படவில்லை என்பதே விஷயம்.

பெயரும் அப்படித்தான். ‘டோங்கா’ பசிபிக் தீவு நாடொன்றின் பெயர். வட இந்தியாவில் அது குதிரை வண்டி. பெரிய அந்தமானியரிடையே குழந்தை பிறப்பதற்கு முன்பே பெயரிட்டுவிடுவர். ஆதலால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெயர் பொது. பெண் பருவமெய்தியபின், அப்போது பூத்திருக்கும் மலரின் பெயரையும் சேர்த்துக்கொள்வாள். அகா-பேயா, அகா-ஜேரு, அகா-போ என்னும் மொழிப் பெயர்களின் முன்னொட்டாகிய ‘அகா’ வாயோடு தொடர்புடையது. உடலுறுப்புகளை வைத்தே சொற்களை வகுக்கும் இலக்கணம் அது. இவ்வளவு செறிவான பெயர்மரபு கொண்ட மக்களுக்கு நாவல் தந்தது ஒரு வண்டியின் பெயர்.

தொடக்கம் டாயில் அல்லர். 851இல் எழுதப்பட்ட அரபு வணிகர்களின் கடல்வழிக் குறிப்பு அந்தமானியரை மனிதரை உயிரோடு தின்பவர் என்றது. 1298 வாக்கில் ஜெனோவாவின் சிறையிலிருந்து மார்க்கோ போலோ சொல்ல எழுதப்பட்ட நூல், ‘அங்கமனைன்’ தீவினருக்கு நாயின் தலையும் பல்லும் கண்ணும் தந்தது. போலோ அங்கே இறங்கியதாகத் தெரியவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் அந்நூலின் ஏடொன்றுக்கு ஓவியம் தீட்டியவர்கள், நாய்த்தலை மனிதர் நல்ல ஐரோப்பிய உடையணிந்து பண்டம் விற்பதாக வரைந்தனர். இன்று அது பிரான்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. பிரிட்டிஷார் கொண்டுவரும்வரை அத்தீவுகளில் நாயே இல்லை என்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வேலையைக் காகித அட்டை நூல்கள் ஏற்றன. தொடர்வண்டி நிலையக் கடையில் நடந்துபோகிறவன் ஒரு கணத்தில் அடையாளம் காண வேண்டும். ஆகவே ஒரு நிழலுரு, ஒரு கருவி, ஒரு நிறம். 1966இல் ஃபிராங்க் ஃபிரசெட்டா வரைந்த கோனன் அட்டை இக்கலையின் உச்சங்களுள் ஒன்று. 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. 1979இல் அதன் படைப்பாளி கேரி கைகாக்ஸ் தமக்கு ஊக்கமளித்த நூல்களின் பட்டியலை ஒரு பின்னிணைப்பாகவே வெளியிட்டார். அவற்றுள் பல அத்தகைய மலிவு நூல்கள். அவ்விளையாட்டு ‘இனம்’ என்னும் சொல்லை ஆட்டவிதியாக்கியது. கணினி வியூக விளையாட்டுகள் அதை எடுத்துக்கொண்டன. 1995இன் ‘வார்கிராஃப்ட் 2’இல் கோடரி எறியும் டிரோல்கள் வந்தனர், 2002இன் மூன்றாம் பகுதியில் அவர்கள் ‘தலைவெட்டி’, ‘மந்திரவாதி’ என்ற பெயர்களோடு நின்றனர். அதனோடு வந்த வரைபடக் கருவியைக் கொண்டு யார் வேண்டுமானாலும் புதிய இனம் படைக்கலாம்: உருவம் தேர்ந்து, கருவி தந்து, வேகமும் நஞ்சும் எண்களில் குறித்தால் ஓர் இனம் ஆயத்தம். ஹோம்ஸின் அகராதிப் பத்தியும் இதே படிவம்தான். 2024 பதிப்பில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அச்சொல்லைக் கைவிட்டு ‘உயிரினவகை’ என்னும் பொருள்படும் சொல்லை ஏற்றது. சொல் மாறியதேயன்றி, குணத்தைப் பிறப்போடு கட்டும் படிவம் முழுதும் மாறிவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

கற்பனை இனத்தைப் படைப்பதில் குற்றமில்லை. ஆனால் டோங்காவின் இனத்துக்கு முகவரி இருந்தது. 1858 மார்ச்சில் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பு தொடங்கியது. 1877இல் தட்டம்மை பரவியது. 1901 கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேர். 1961இல் 19 பேர். அட்டைப்படங்களில் டோங்கா பெருகிய அதே பல பத்தாண்டுகள். அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். மொழியியலாளர் அன்விதா அப்பி அவருடைய பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து வைத்திருந்தார்.

தமிழிலும் ஒரு தீவு இனம் உண்டு. மணிமேகலையின் ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’யில் கலம் உடைந்த சாதுவன் நக்கசாரண நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்குகிறான். ஆடையற்றோர், மனிதரைத் தின்போர். அந்த இடத்தை நக்கவாரமாகிய நிக்கோபாரோடு இணைத்துப் பார்ப்போர் உண்டு. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி ‘மாநக்கவாரம்’ என்று குறிப்பதும் அத்தீவுகளையே. சாத்தனாரும் கருணை காட்டிவிடவில்லை: நாகர் தலைவன் எலும்புக் குவியலிடையே துணையோடு கரடிபோல் வீற்றிருக்கிறான். எனினும் சாதுவன் உயிர் பிழைப்பது அவர்களின் மொழியை முன்பே கற்றிருந்ததால்தான். அவன் அறம் சொல்ல, தலைவன் எதிர்க்கேள்வி கேட்கிறான்: உடலை விட்டுப் போகும் உயிர் எப்படிப் போய் வேறிடத்தில் புகும்? காப்பியம் அக்கேள்விக்கு விரிவாகவே விடை தருகிறது.

டாயிலின் நாவலிலும் மொழி கற்றவன் ஒருவன் இருக்கிறான். ஒற்றைக்காலனான கைதி ஜொனாதன் ஸ்மால், காட்டில் நோயுற்றுக் கிடந்த டோங்காவைப் பேணிக் காத்து, அவன் பேச்சைச் சிறிது கற்றுக்கொண்டதாகவும் அதனால் அவன் தன்மேல் இன்னும் அன்பு கொண்டதாகவும் சொல்கிறான். டோங்காவின் படகில்தான் தப்பிக்கிறான். இங்கிலாந்தில் அவனையே சந்தைதோறும் பச்சை இறைச்சி தின்னவைத்துக் காட்சிப்படுத்திப் பிழைக்கிறான். தேம்ஸ் ஆற்றில் டோங்கா சுடப்பட்டு விழும்வரை, ஸ்மால் கற்ற அந்த மொழியின் ஒரு சொல்கூட நாவலில் இடம்பெறவில்லை.