மருந்தும் துஆவும்: குடும்பத்திற்குச் செவிகொடுக்கும் கல்வி



கீழ்வேளூரிலிருந்து நாகூர் அதிகத் தொலைவில் இல்லை. மனம் நலிந்தவரை அவர்தம் குடும்பத்தார் தர்காவிற்கு அழைத்துச் செல்வது காவிரிக் கடைமடையில் வாழும் நமக்குப் பழகிய காட்சி. சிலர் ஹஜ்ரத்திடம் ஓதிப் பார்ப்பர். சிலர் மருத்துவமனைக்குச் செல்வர். ஓதுபவருக்கு நோயின் இயல்பு தெரிவதில்லை. மருத்துவருக்குக் குடும்பத்தின் மார்க்க வாழ்வு விளங்குவதில்லை. இவ்விரண்டையும் ஒருசேரக் கற்ற குடும்ப நல ஆலோசகர்கள் நம்மிடையே உருவாக வேண்டும். அதற்கான முன்மாதிரிகள் நம் வரலாற்றிலேயே உள்ளன.

கணவர்மீது முறையிட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்த கவ்லா (ரலி) அவர்களின் குரலை அல்லாஹ் செவியுற்றதாக அல்முஜாதலா அத்தியாயம் தொடங்குகிறது. தம்பதியரிடையே பிளவு நேருமோ என அஞ்சும்போது இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை ஏற்படுத்துமாறு அன்னிஸா அத்தியாயத்தின் 35-ஆம் வசனம் பணிக்கிறது. ஒரு தரப்பின் சொல்லை மட்டும் கேட்டு முடிவு கூறலாகாது என்னும் பாடம் அதில் அடங்கியுள்ளது.

934-இல் மறைந்த அறிஞர் அபூஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் ஆராய்ந்தார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகிய நான்கையும் தனித்தனியே விளக்கினார். காரணம் தெரிந்த துயரத்தையும், காரணம் புலப்படாமல் உடலிலிருந்து எழும் துயரத்தையும் வேறுபடுத்தி, இரண்டிற்கும் வெவ்வேறு மருத்துவம் கூறினார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளருக்கெனத் தனிப்பகுதி இருந்தது. மருத்துவத்தை நாடுவது தவக்குலுக்கு முரண் என்று அம்முன்னோர் கருதவில்லை.

நம் நாட்டில் குடும்பத்தைச் சிகிச்சையின் பங்காளியாக்கிய முயற்சி 1950-களில் தொடங்கியது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், உறவினர்களையும் வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் உடனிருப்பதை வழக்கமாக்கிற்று. பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் குடும்பச் சிகிச்சையை முறையான பயிற்சியாகவே கற்பிக்கலாயிற்று.

இக்கல்வி சென்றடையாத இடத்தில் நேர்ந்தது என்ன? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். ஷிஃபா கிடைக்கும் என்ற நம்பிக்கையோடும், வேறு போக்கிடம் அறியாத களைப்போடும் குடும்பங்கள் விட்டுச்சென்ற மனிதர்கள் அவர்கள். மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துவிட்டது. எனினும், அக்குடும்பங்களின் களைப்பைக் கேட்டறிய ஆளை அமர்த்துவது சட்டத்தால் மட்டும் ஆகக்கூடியதன்று.

குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் இதற்கொரு வழி கண்டனர். ‘தவா-துஆ’ திட்டத்தின்கீழ் அங்குள்ள முஜாவர்களுக்கு நோயின் அறிகுறிகள் கற்பிக்கப்பட்டன. அவர்கள் துஆவும் செய்து, மருத்துவரிடமும் அனுப்பிவைத்தனர். பின்னர் ஏர்வாடியிலும் தமிழக அரசு இம்முறையைக் கொணர்ந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் நாகை மாவட்டத்திலும், நிம்ஹான்ஸ் வல்லுநர்கள் உள்ளூர்த் தொண்டர்களுக்கு ஆறுதல் பணியில் பயிற்சியளித்தனர். எளிய மக்களும் இக்கலையைக் கற்கலாம் என்பதற்கு அவை சான்று.

தொடக்கநிலை ஆலோசகர் கற்க வேண்டியவை சிலவே. ஆயினும் பழகுதற்கு அரியவை. இடைமறியாது கேட்டல், மாமியார், மருமகள் இருவருக்கும் சம இடமளித்தல், கேட்டதை அமானிதமாகக் காத்தல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா எனத் தயங்காமல் வினவுதல், வீட்டில் அடி, உதை இருப்பின் சமாதானம் பேசுவதற்கு முன் பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பை உறுதிசெய்தல், தம் அறிவுக்கு மேற்பட்டதை மருத்துவரிடம் ஒப்படைத்தல். இவற்றை அனுபவமிக்க ஒருவரின் மேற்பார்வையில் பழகவேண்டும்.

மார்க்கத்தை இணைப்பது எங்ஙனம்? ஒருவர் ஒளூச் செய்ததையே மீண்டும் மீண்டும் செய்து, தொழுகை நேரத்தையே இழக்கிறார் என்க. மார்க்கம் அறியாதவர், ஒளூவே தொல்லை எனக் கூறிவிடக்கூடும். நோயை அறியாதவர், ஈமான் குறைந்துவிட்டது எனக் கடிந்துகொள்ளக்கூடும். இரண்டும் அறிந்தவரோ, இது அல்பல்கீ அன்றே விவரித்த வஸ்வாஸ் என்பதையும், இதற்குச் சிகிச்சை உண்டு என்பதையும், மார்க்கம் இத்தகையோருக்கு இலகுவையே நாடுகிறது என்பதையும் எடுத்துரைப்பார். அக்குடும்பத்தின் அச்சம் பாதியாகக் குறையும். வந்தவருக்கு உபதேசம் செய்வது அவர் பணியன்று; வந்தவரின் ஈமான் அவருக்கு எவ்வகையில் துணைநிற்கிறது எனக் கேட்டறிவதே பணி.

தலைவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உழைக்க, தாயும் பிள்ளைகளும் இங்கே வாழும் இல்லங்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களின் மௌனத்தைக் கேட்க ஒவ்வொரு ஜமாஅத்தும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் இக்கல்விக்கு அனுப்புமாயின், அதுவே நிலைத்த ஸதக்காவாகும். பெண் அவசியம் இருத்தல் வேண்டும். ஜமாஅத் கூட்டத்தில் சொல்ல முடியாதவற்றை நம் சகோதரியர் அவரிடமே சொல்வர்.

நம் இல்லங்களில் அல்லாஹ் ஸகீனத்தை இறக்கியருள்வானாக. ஆமீன்.