திரைக்கு வந்த ஏலம்

ஏலம் என்றால் தமிழில் இரண்டு பொருள். மலையில் விளையும் ஏலம் பழைய சொல். கூவி விற்கும் ஏலம், போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல்லின் திரிபு என்பார்கள் அகராதிக்காரர்கள். ஏலத்தையே ஏலம் விடும் ஊர் போடிநாயக்கனூர். இங்குள்ள கல்லூரி ஒன்றின் பெயரே ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி.

காய் விளைவது மேலே, விலை போவது கீழே. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். தோட்டங்களில் பெரும்பகுதி அந்தப் பக்கம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப்போய்க் காய் எடுத்துவிட்டு இருட்டில் இறங்கி வரும் பெண்கள் இந்தப் பக்கம். 19ஆம் நூற்றாண்டில் விளைந்த காயைத் திருவிதாங்கூர் அரசிடமே ஒப்படைக்க வேண்டியிருந்தது. வேறு யாருக்கும் விற்க முடியாது. அந்தத் தனியுரிமை ஒழிந்தபின் வியாபாரம் கம்பம் பள்ளத்தாக்கு வரை பரவியது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயிலும் வந்தது.

1966இல் ஏலக்காய் வாரியம் அமைந்தது. 1987இல் அதன் இடத்தை நறுமணப் பொருள் வாரியம் எடுத்துக்கொண்டது. ஊர்க்காரர்களுக்கு அது ஸ்பைசஸ் போர்டு. உரிமம் பெற்ற ஏல நிறுவனம், உரிமம் பெற்ற வியாபாரி என்ற ஒழுங்கு வந்தாலும் விற்கும் முறை மாறவில்லை. விவசாயி கொண்டுவந்த மூட்டை ஒரு ‘லாட்’. அதிலிருந்து எடுத்த சாம்பிள் ஒவ்வொரு வியாபாரியின் கைக்கும் போகும். ஏலம் விடுபவர் விலையைக் கூவுவார். வியாபாரிகள் குரல் கொடுத்து ஏற்றிக்கொண்டே போவார்கள். தினமும் முகம் பார்த்துப் பழகியவர்கள் கூடும் கூடம் அது. யார் கேட்கிறார், எதுவரை போவார் என்பது அடுத்தவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தபின் அவரோடு மோதத் தயங்குவது மனித இயல்பு. அந்தத் தயக்கத்தின் விலையை, கூடத்தின் ஓரத்தில் நின்ற விவசாயிதான் கொடுத்தார்.

2007இல் போடியிலும் வண்டன்மேட்டிலும் மின்னணு ஏலம் தொடங்கியபோது மாறியது இதுதான். வியாபாரிகள் வரிசையாகக் கணினி முன் உட்கார்ந்தார்கள். லாட் எண், மூட்டை, எடை எல்லாம் திரையில். குரலுக்குப் பதில் ஒரு பொத்தான். விலை ஏறுவதை மொத்தக் கூடமும் ஒரே நொடியில் பார்க்கும்.

ஆனால் அந்த மேசையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கீபோர்டுக்குப் பக்கத்திலேயே சாம்பிள் காய் கிடக்கும். ஒரு கை பொத்தானில். மறு கை காயை உருட்டும், நகத்தால் தோலைப் பிளக்கும். உள்ளே விதை கறுத்து ஒட்டியிருக்கிறதா, பொக்கா என்று கண் பார்க்கும். மூக்கு முடிவு சொன்ன பிறகுதான் விரல் அழுத்தும். ஏஜிஇபி தரம் என்றால் காய் 7 மில்லிமீட்டர் பருமன், ஒரு லிட்டருக்கு 435 கிராம் எடை என்பது அக்மார்க் வரையறை. எண்ணை மென்பொருள் அறியும். பச்சை நிறம் எப்படி நிற்கிறது, காயை உலர்த்தும் ஸ்டோரில் சூடு கூடிக் கருகியதா என்பதை இன்றும் மனிதர்தான் அறிகிறார்.

2018 வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் தோட்டங்களை அழித்தபின், 2019 ஆகஸ்டில் வண்டன்மேட்டை அடுத்த புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த எண் மலை முழுக்கப் பேச்சானது. விற்கக் கையில் காய் வைத்திருந்தவர்கள்தான் கொஞ்சம்.

அப்போது போடியில் ஒரு கணினிக்கூடம், புற்றடியில் ஒன்று. ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் கேட்க முடிந்தது. 2020 ஊரடங்கில் மாநில எல்லை மூடியபோது இதன் கஷ்டம் வெளிப்பட்டது. நடுவில் இருந்தது ஒரு மெட்டுதான், ஆனால் கடக்க அனுமதிச்சீட்டு வேண்டும். 2021இல் ஏல மென்பொருள் கிளவுடுக்கு மாறியது. போடியில் உட்கார்ந்தவரும் புற்றடியில் உட்கார்ந்தவரும் ஒரே லாட்டுக்குப் போட்டியிட்டார்கள். கேட்பவர் கூடினால் விலை நிற்கும். விவசாயிக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

தீராத குறை ஒன்று இருக்கிறது. ஏலத்தில் வாங்கிய காயையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருவதை ‘ரீபூலிங்’ என்கிறார்கள். ஒரே சரக்கு சுற்றிச் சுற்றி வந்தால் வரத்து கூடியதுபோல் தெரியும், விலை சரியும். விவசாயிகள் இதைப் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். மூட்டையின் எடையைக் காட்டும் திரை, அது தோட்டத்திலிருந்து நேராக வந்ததா, கடை வழியாகத் திரும்பி வந்ததா என்பதையும் காட்ட வேண்டும். விலையைத் திறந்து காட்டத் துணிந்த வாரியம் இதையும் செய்ய வேண்டும்.